மொபைல் ஹோமில் விறகடுப்பு வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் பழைய அடுப்பை 200 டாலருக்குத் தருகிறார், வாங்கலாமா?

வாஷிங்டன் மாநிலத்தில் 1990களில் செய்த டபுள்-வைட் மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்து கொண்டுவந்து சேர்த்த வீடு, குளிர்காலத்தில் அடிக்கடி கரன்ட் போகிறது, அதனால் விறகடுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த 200 டாலர் அடுப்பு மட்டும் வேண்டாம்.

அதன் பின்பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கூடத்தின் முத்திரை, சுவரிலிருந்து எத்தனை இன்ச் தள்ளி வைக்க வேண்டும், மொபைல் ஹோமில் வைக்கத் தகுந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தகடே இல்லை, அல்லது மொபைல் ஹோம் என்ற பேச்சே அதில் இல்லை என்றால் அந்த அடுப்பு உங்கள் வீட்டுக்கு ஆகாது. தவிர, புகை அளவுச் சான்று இல்லாத பழைய அடுப்பை விற்பது, சும்மா கொடுப்பது, பொருத்துவது மூன்றுமே வாஷிங்டனில் சட்டப்படி தப்பு. பாவம், அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

மற்ற வீடுகளுக்கு இல்லாத கெடுபிடி நமக்கு மட்டும் ஏன் என்று முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. 1976 ஜூன் 15-க்குப் பிறகு தொழிற்சாலையில் செய்த இந்த வீடுகள் எல்லாம் ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டியவை. வெளிச்சுவரில் சின்னதாகச் சிவப்புத் தகடு இருக்குமே, அது அதற்கான அடையாளம். இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் லேசான, இறுக்கமான பெட்டி மாதிரியான வீடு. தரைக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றுக்குழாய், தண்ணீர்க்குழாய் எல்லாம் ஓடுகின்றன. கண்ட இடத்தில் ஓட்டை போட முடியாது. அடுப்பு உள்ளே இருக்கும் காற்றை எரித்தால் அதை ஈடுகட்ட வெளிக்காற்று வர வழியும் குறைவு.

எங்கள் வீடு ஸ்போக்கேனுக்கு வடக்கே, டீர் பார்க் பக்கம். 28-க்கு 48 அடி, 1994-இல் செய்தது. எலெக்ட்ரிக் ஃபர்னஸ், அதனால் கரன்ட் போனால் வீடு ஐஸ்பெட்டிதான். 2015 நவம்பர் 17-ஆம் தேதி அடித்த சூறைக்காற்றில் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் கிடந்ததை இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு சுலபம் என்று சிலர் சொன்னார்கள். அதன் மோட்டாருக்கும் கரன்ட் வேண்டும், அதனால் அதை ஒதுக்கிவிட்டேன்.

நான் செய்த தப்பு, நேராகக் கடைக்குப் போய் அடுப்பைப் பார்த்ததுதான். முதலில் பார்க்க வேண்டியது கூரை. ஆறு இன்ச் புகைபோக்கி என்றால் உள்ளே ஆறு. சுற்றிலும் வெப்பத்தடுப்பு அடைத்த வெளிக்குழாயோடு சுமார் எட்டு. நாலு பக்கமும் மரத்திலிருந்து இரண்டு இன்ச் இடைவெளி சேர்த்தால் பன்னிரண்டு. எங்கள் கூரையின் மரச்சட்டங்கள், அதாவது ட்ரஸ், பதினாறு இன்ச்சுக்கு ஒன்றாக நிற்கின்றன. ஆக, நடுவில் கிடைப்பது பதினாலரைதான். அதற்குள் குழாய் நேராக இறங்க வேண்டும். வேலைக்கு வந்தவர் கூடத்தின் மூலையில் நான் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ட்ரஸ்ஸைக் கொஞ்சம் வெட்டினால் போதும்" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். கூரையின் பலமே அந்தச் சட்டங்கள்தான். தரை, சுவர், கூரை எதன் பலமும் குறையக் கூடாது என்று அடுப்புக் கையேட்டிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டின் இரண்டு பாதிகள் சேரும் நடுக்கோட்டையும் தொடக் கூடாது. கடைசியில் அடுப்பு ஒன்றரை அடி நகர்ந்து, சோபா வேறு சுவருக்குப் போனது. என் மனைவிக்கு இன்னும் அந்த மூலையை நினைத்தால் வருத்தம்.

கூரைக்கு மேலே இன்னொரு கணக்கு. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி எழ வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் கூரையின் எந்தப் பகுதியையும் விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். நம் வீடுகளின் கூரை தாழ்வு என்பதால் இது மட்டும் போதாது. உங்கள் அடுப்பின் கையேடு மொத்தம் எத்தனை அடி கேட்கிறது என்று பார்த்து, குறைந்தால் ஒரு துண்டு கூட்டுங்கள். உயரம் போதாத குழாய் புகையை இழுக்காது, கதவைத் திறந்தால் வீட்டுக்குள் தள்ளும். அறைக்குள் இரட்டைச் சுவர்க் குழாய், நுனியில் தீப்பொறி வலை. மொத்தத்தில் குழாய்களுக்கே அடுப்பு விலையில் முக்கால் பங்கு எனக்குச் செலவானது. கடையில் அடுப்பின் விலையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், குழாயின் விலை கேட்டால்தான் வரும்.

அடுத்தது காற்று. அடுப்புக்கு எரியக் காற்று வெளியிலிருந்து தனிக்குழாயில் வர வேண்டும், இது மொபைல் ஹோமில் கட்டாயம். எங்களுக்குத் தரையைத் துளைத்து, கீழே வயிற்றுத்துணி மாதிரி ஒட்டியிருக்கும் கறுப்பு விரிப்பையும் கிழித்துக் குழாயை இறக்கி, சுற்றி ஒட்டி அடைத்தோம். அடைக்காமல் விட்டால் எலி குடியேறும். துளைக்கும் முன் கீழே டார்ச்சோடு படுத்து, ஃபர்னஸ் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், ஆறு இன்ச் தள்ளி இருந்தது.

இத்தனையும் செய்த பிறகு முதல் நாள் மாலை என்ன ஆனது தெரியுமா? சமையலறையில் சாம்பாருக்குத் தாளிக்கிறார்கள், மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. நான் விறகு போட அடுப்புக் கதவைத் திறந்தேன். புகை மொத்தமும் கூடத்துக்குள். எங்கே தீப்பிடித்தது என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கதவு மூடியிருக்கும்போது வெளிக்காற்றுக் குழாய் போதும். திறந்த நொடியில் ஃபேன் புகைபோக்கி வழியாகத்தான் காற்றை இழுக்கும். இப்போது கதவைத் தொடும் முன் "ஃபேனை நிறுத்து" என்று ஒரு குரல் கொடுக்கிறேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் கூடத்தில் ஒன்று, படுக்கையறைகள் பக்கம் ஒன்று மாட்டியிருக்கிறோம். படுக்கையறைக்குள் அடுப்பே வைக்கக் கூடாது.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். பெரிய அடுப்பு வாங்கினால் வீடு வெந்துபோகும். உடனே காற்றைக் குறைத்து விறகைப் புகையவிடுவீர்கள். கிரியோசோட் என்கிற தார் மாதிரியான கறை குழாயில் படிவதும், ஒரு நாள் அது குழாய்க்குள் தீப்பிடிப்பதும் அப்படித்தான். எங்கள் 1,300 சொச்சம் சதுர அடிக்குக் கடையில் இருந்ததிலேயே சின்ன அடுப்புகளில் ஒன்று போதுமாக இருக்கிறது. 2020 மே மாதத்திலிருந்து புதிதாக விற்கும் அடுப்புகளுக்குப் புகைத்துகள் வரம்பு மணிக்கு சுமார் 2 கிராம். நல்ல காய்ந்த விறகு போட்டால் குழாயில் புகை போவதே தெரியாது.

அடுப்பின் கீழே எரியாத தளம் வேண்டும், கதவுக்கு முன்னால் 16 இன்ச்சும் பக்கவாட்டில் 8 இன்ச்சும் நீட்டி. அடுப்பைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இந்த வீடுகளில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் வாஷிங்டனில் லேபர் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்கிற மாநிலத் தொழிலாளர் துறையின் அனுமதியும் ஆய்வும் உண்டு, கவுண்டி, அதாவது மாவட்ட அலுவலகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விறகுக்கு இங்கே டாமரேக் மரத்துக்குத்தான் மவுசு. ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி மொத்த இலையும் கொட்டிவிடும். காட்டில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். எதை வாங்கினாலும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் பார்க்கும் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள். "காய்ந்ததுதான்" என்று எனக்கு ஒருவர் இறக்கிவிட்டுப் போன முதல் லோடு 34 காட்டியது. அதைக் கொட்டகையில் அடுக்கி வைத்து அடுத்த வருஷம்தான் எரித்தேன். அந்தக் குளிர்காலத்துக்கு வேறு விறகு வாங்க வேண்டியதாயிற்று.