பழைய கருங்கல் அஸ்திவாரத்தில் காரை உதிர்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?

அடைக்க வேண்டாம் என்பதே என் பதில். வீட்டின் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆயினும் கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் செங்கல் சுவர், விரலால் கீறினாலே பொடியாகும் காரை என்று எழுதியிருப்பதால், சுண்ணாம்பிலோ மண்சாந்திலோ கட்டிய வீடு என்றே கொள்கிறேன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் பூர்விக வீடும் அத்தகையதே.

என் பெரியப்பா காலத்தில் ஓர் ஒப்பந்ததாரர் அஸ்திவாரக் கற்களுக்கு இடையிலான வெளிப்புறச் சந்துகள் அனைத்தையும் சிமெண்டால் பாயிண்டிங் செய்து, அதாவது பூசி அடைத்துக் கொடுத்தார். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் சில மழைக்காலங்களுக்குள், முழங்கால் உயரத்தில் நின்றிருந்த ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், இடுப்பளவுக்கு ஏறியது. கருங்கல்லுக்கு ஒன்றும் நேராமல், அதன்மேல் இருந்த செங்கற்கள் உப்புப் பூத்துச் செதில் செதிலாக உதிர்ந்தன. நம் பகுதிக் கருங்கல் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியேறுவதற்கு அந்தச் சந்துகளே வழி. அவற்றை அடைத்தால் ஈரம் மேலே உள்ள செங்கல்லுக்குப் போகிறது. அங்கே நீர் ஆவியாக, உடன் வந்த உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கிறது. தேய வேண்டியது காரைதான். கல்லையும் செங்கல்லையும் காப்பதற்காகவே அது மென்மையாக வைக்கப்பட்டது.

சிமெண்டைப் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். புதிய வீடு கட்டினால் நானும் சிமெண்டையே பயன்படுத்துவேன்.

பிறகு தருமபுரிப் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துவந்தோம். இயந்திரத்தால் அறுத்தால் கல்லின் விளிம்பு சிதையும் என்று கூறி, அவர் சிற்றுளியாலேயே சிமெண்டைப் பெயர்த்தார். சந்தின் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம்வரை உதிரியை நீக்கினார். ஒரே நேரத்தில் நீண்ட தூரத்தைத் திறக்காமல் சிறு சிறு பகுதியாகவே சென்றார். ஆடிய கற்களுக்குச் சில்லுக்கல் வைத்து இறுக்கி, தூசியைக் கழுவி, சந்தை நனைத்த பின்னரே கலவையை வைத்தார். நன்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்பது அவர் கணக்கு. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகும். ஆகவே ஈரமான அஸ்திவாரத்தில் செங்கல் தூள் சேர்ப்பது மிக அவசியம், ஈரத்திலும் கலவை இறுகுவது அதனால்தான். ஆழமான சந்துகளை ஒரே மூச்சில் நிரப்பாமல் அடுக்கடுக்காக அழுத்தி, நனைந்த கோணிச் சாக்கால் மூடிவைத்தார். சித்திரை வெயிலில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து வெடித்துவிடும். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. உப்புத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலவை குழைப்பதையும் தவிருங்கள்.

இவ்வளவு செய்தும் ஓதம் முழுவதும் நீங்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் தெரு. புதுத் தார் போடும் ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே போட்டுப் போட்டு, முன்பு படியேறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இறங்கி நுழைகிறோம். மழைநீர் நேராக அஸ்திவாரத்தில் தேங்குகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருந்தும், எங்கள் தெருவில் அது நடக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமை தணியவில்லை. உங்கள் வீட்டிலும் முதலில் சுவரோரத்து நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அது விலகிச் செல்ல வழிசெய்த பிறகே காரையில் கை வையுங்கள்.

சுவரில் விரிசல் நாளுக்கு நாள் அகன்றாலோ, கற்கள் வெளியே தள்ளி நின்றாலோ, அது காரை வேலை அன்று. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டிவிட்டே உளியைத் தொடச் சொல்லுங்கள்.