குஞ்சைக் காக்கை தூக்குது, தக்காளியை மயில் கொத்துது: என்ன செய்யலாம்?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். சிறுவிடைக் கோழி பன்னிரண்டு, மாடு இரண்டு உண்டு. சித்திரையில் பொரித்த 14 குஞ்சுகளில் ஒன்பதைக் காக்கை தூக்கிவிட்டது. கட்டுத்தரையின் தகரக் கூரைக்குள் புறாக்கள் கூடு கட்டி, தீவனத் தொட்டி முழுக்க எச்சம். வீட்டுக்குப் பின்னால் 3 சென்டில் காய்கறி போட்டிருக்கிறேன். மயில் இறங்கினால் தக்காளியும் மிஞ்சுவதில்லை, நாற்றும் மிஞ்சுவதில்லை. அக்கம்பக்கத்தில் அரிசியில் மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மாமியார் தினமும் கூரை மேல் காக்கைக்குச் சோறு வைக்கிறார். அதை நிறுத்தினால் தொல்லை குறையுமா?

பதில்: மனசு வராதது நல்லதுதான் அம்மா. முதலில் அந்த மருந்துப் பேச்சை முடித்துவிடுவோம். மருந்து கலந்த அரிசிக்கு மயில் எது, உங்கள் கோழி எது என்று தெரியாது. அதைத் தின்று செத்த பறவையை நாய் இழுக்கும், பூனை தின்னும், ராத்திரி எலி பிடிக்க வரும் ஆந்தையும் தின்னும். சட்டமும் சும்மா விடாது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. சொல்லிக் கொடுத்த பக்கத்துத் தோட்டக்காரர் அப்போது கூட வரமாட்டார். காக்கை விஷயத்திலும் கவனம் வேண்டும். முன்பு அதைத் தீங்குயிர், அதாவது கொல்லத் தடையில்லாத உயிர், என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

இனி குஞ்சுக்கு வருவோம். நீங்கள் இழந்ததில் பெரியது அதுதான்.

சித்திரையில் பொரிக்க விட்டதுதான் இடித்தது. நம் பக்கம் காக்கைகள் பெரும்பாலும் பங்குனி கடைசியிலிருந்து ஆனி வரைக்கும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். அந்தக் குஞ்சுகளுக்கு இறைச்சி வேண்டும். உங்கள் வாசலில் 14 உருண்டை மஞ்சளாக ஓடினால் அது எங்கே போகும்? ஊர்க் காக்கை எல்லாம் சேர்ந்து வந்து தூக்குவதாகத் தோன்றும். நான் பார்த்த வரையில், பக்கத்து மரத்தில் கூடு வைத்த ஒரு ஜோடிதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று தாய்க்கோழியின் வாலைப் பின்னாலிருந்து இழுத்து வம்புக்கு நிற்கும். கோழி சிலிர்த்துக்கொண்டு அதைத் துரத்தும்போது மற்றது குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சிறுவிடை நல்ல தாய்தான், ஆனாலும் ஒரு கோழி ஒரே சமயத்தில் இரண்டு பக்கம் பார்க்க முடியாதே.

அதனால் முதல் வேலை, அடை வைக்கும் மாதத்தை மாற்றுவது. முட்டை பொரிய 21 நாள். குஞ்சு காக்கைக்கு அடங்காத அளவு வளர ஒன்றரை மாதம். காக்கையே ஏறத்தாழ 300 கிராம்தான் இருக்கும்; தன் எடைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட குஞ்சைத் தூக்கிக்கொண்டு அதனால் பறக்க முடியாது. கார்த்திகைக் கடைசியில் அடை வைத்தால் மார்கழியில் பொரிக்கும். மாசி வந்தால் குஞ்சுகள் தப்பித்துவிடும். பனியில் குஞ்சு விறைக்காமல் ராத்திரி மட்டும் கதகதப்பு பார்த்துக்கொள்ளுங்கள், போதும். ஆடி, ஆவணியும் பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் அடைக்கு உட்காரும் கோழியைத் தெளிய வைத்து, முட்டையை விற்றுவிடுவது லாபம்.

இரண்டாவது வேலை, முதல் ஒன்றரை மாதத்துக்குக் குஞ்சுகளைத் திறந்த வாசலில் விடாமல் இருப்பது. பஞ்சாரத்தில் மூடி வைக்கிறோமே என்பீர்கள். பஞ்சாரக் கண்ணில் குஞ்சு வெளியே நழுவும், தாய் உள்ளே மாட்டிக்கொண்டு கத்தும். காக்கைக்கு அது இன்னும் வசதி. 6 அடிக்கு 4 அடி, உயரம் 2 அடி, அடிப்பக்கம் திறந்த கூண்டு ஒன்றைச் சவுக்குக் குச்சியில் அடித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் மேலேயும் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. கீரியும் பூனையும் அதில் நுழையாது. மேலே பாதிக்கு நிழல்வலை போடுங்கள், வெயிலும் அடிக்காது, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் மறைவு. தாயும் குஞ்சும் உள்ளே. இரண்டு நாளைக்கு ஒரு முறை இடத்தை மாற்றி வையுங்கள். புதுப் புல்லும் பூச்சியும் கிடைக்கும், எச்சமும் ஒரே இடத்தில் சேராது. அடைத்து வைத்தால் தீனிச் செலவு ஏறுமே என்ற கவலைக்குப் பழைய வழி இருக்கிறது. ஒரு பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, மட்கிய ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்து பார்த்தால் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கடையில் கிடையாது.

குஞ்சு முதுகில் சாயம் பூசினால் காக்கை பயப்படும் என்பார்கள். இரண்டு மூன்று நாள் திகைக்கும், அப்புறம் பழகிவிடும். கறுப்புத் துணியைச் செத்த காக்கை போலக் கட்டித் தொங்க விடுவதும் அப்படித்தான். ஒரு வாரம் கத்திக் கூட்டம் போடும், பிறகு அந்தத் துணி மேலேயே உட்காரும். நிஜமாகவே செத்த காக்கையை எடுத்துக் கட்டவேண்டாம். ஒரே இடத்தில் நாலைந்து காக்கை செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்து மரத்தில் கரிச்சான் கூடு இருந்தால் அந்தக் கிளையை வெட்டாதீர்கள். இரட்டை வால் வைத்த அந்தக் கறுப்புக் குருவி தன் கூட்டுப் பக்கம் காக்கையையும் பருந்தையும் அண்ட விடாது. நம் ஊர்களில் அதை வலியன் என்று சொல்வது சும்மா இல்லை. காசு வாங்காத காவல்காரன்.

புறா விஷயம் இதைவிட எளிது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது. வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோயைப் புறா கொண்டுவரும். தொட்டியில் விழுந்த எச்சத்தோடு உங்கள் கோழி தீனி பொறுக்கினால் போதும். குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் தடுப்பூசி இரண்டையும் தவற விடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

வருஷம் முழுக்க முட்டையிடும் பறவை புறா. தடவைக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாளில் குஞ்சு. கையைத் தட்டி விரட்டினால் சுற்றிவிட்டு வந்து உட்காரும். அது வருவதற்குக் காரணம் இரண்டு: சிந்திக் கிடக்கும் தீவனம், உட்கார ஒரு விட்டம். தவிடு, சோளக் குருணையைத் தொட்டியில் ராத்திரிக்கு மிச்சம் விடாதீர்கள், மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் உள்ள சந்தில் 2 அங்குலக் கண் கொண்ட நைலான் வலையை இழுத்துக் கட்டுங்கள். அடைக்கும் முன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, அது பறந்து போகும் வரை பொறுங்கள். இல்லாவிட்டால் உள்ளேயே செத்து நாறும். வலை எட்டாத விட்டத்தின் மேல் ஒரு பலகையை நல்ல சரிவாகச் சாய்த்து அடித்துவிட்டால் கால் வைக்க முடியாமல் போகும். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சுரண்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உங்கள் மாமியார் வயதுக்காரரை அந்த வேலைக்கு விடவே வேண்டாம்.

சிட்டுக்குருவி கட்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அதனால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது.

சரி, மயில். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை விரட்டியவள் வள்ளி. அவள் வீட்டுக்காரரின் வாகனம்தான் இன்றைக்கு நம் புனத்தை மேய்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல! தாராபுரம், காங்கேயம், பழநிப் பக்கமெல்லாம் எனக்கு வரும் கேள்விகளில் பாதி மயிலைப் பற்றியதுதான். சீமைக் கருவேல் புதர் அதற்கு மறைவு, உயரமான வேம்பும் புளியும் ராத்திரித் தங்கல், நம் தோட்டம் சாப்பாட்டுக் கடை. காலையில் விடிந்து இரண்டு மணி நேரம், சாயங்காலம் பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம், இதுதான் அது மேயும் நேரம். உச்சி வெயிலில் நீங்கள் காவல் இருந்து பயனில்லை.

ஏக்கர் கணக்கில் நிலக்கடலை போட்டவருக்கு நான் வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு 3 சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடிதான். பேசாமல் முழுக்க மூடிவிடுங்கள். ஏழடி உயரத்தில் கல்லுக்கால் அல்லது குழாய், மேலே கம்பி இழுத்து, 2 அங்குலக் கண் வலை. நின்றபடி வேலை செய்யலாம், தேனீ உள்ளே வந்து போகும், பீர்க்கன் புடலைக்குக் காய் பிடிப்பதில் குறை வராது. ஓரத்தைத் தொள தொள என்று விடாமல் இறுக்கிக் கட்டி, அடியில் கல் வையுங்கள். மெல்லிய மீன் வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அதில் சாரைப்பாம்பு மாட்டிச் செத்ததை நானே பார்த்திருக்கிறேன். எலி பிடிக்கிற பாம்பு அது. தடித்த முறுக்கு நூல் வலையாகக் கேட்டு வாங்குங்கள்.

வலை போடக் காசு சேரும் வரை இதைச் செய்யுங்கள். தக்காளியைச் செடியில் பழுக்க விடாமல் நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். சிவப்பைக் கண்டுதான் மயில் கொத்துகிறது. விதை போட்ட பாத்தியை முளை வந்து நிமிரும் வரை தென்னை ஓலையால் மூடுங்கள். நாற்று நட்ட பாத்திக்கு மேல் முழங்கால் உயரத்தில் ஒரு முழ இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கட்டினால், அந்தப் பெரிய உடம்பையும் தோகையையும் வைத்துக்கொண்டு இறங்கத் தயங்கும். மின்னும் ரிப்பன் காற்றில் அதிர்ந்து இரையும். பத்துப் பதினைந்து நாள் வேலை செய்யும். பலன் குறையும் முன்பே கழற்றி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி கட்டினால் மறுபடி பயப்படும். எல்லாவற்றையும் விட, மேயும் அந்த நான்கு மணி நேரம் அவிழ்த்துவிட்ட ஒரு நாட்டு நாய் உத்தமம். கோழியோடு குட்டியிலிருந்து வளர்ந்த நாயாக இருக்கட்டும், இல்லாவிட்டால் காக்கை விட்டுவைத்த குஞ்சை அது பார்த்துக்கொள்ளும்.

காதுக்குக் கேட்காத ஒலியால் பறவையை விரட்டும் கருவி என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள். மனிதருக்கே கேட்காத அந்த ஒலி பறவைக்கும் கேட்காது. வேலியில் மின்சாரம் விடுவது பற்றி யாராவது சொன்னால் காதிலேயே வாங்கவேண்டாம், அதில் மயிலை விட மனிதர்தான் அதிகம் மாட்டுவார்கள். வெடி போட்டால் மாடு மிரண்டு பால் குறையும், வைக்கோல் போரும் பக்கத்தில் இருக்கிறது. அடிபட்ட மயிலைக் கண்டால் நீங்களே தூக்கிக்கொண்டு அலையாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக மாமியார் வைக்கும் சோறு. நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம். அந்தச் சோற்றுக்காகத்தான் அந்த ஜோடி உங்கள் மரத்தில் கூடு வைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூரை மேல் உட்கார்ந்து சாப்பிடும் காக்கைக்குக் கீழே நடப்பதெல்லாம் தெரிகிறது, அதுதான் சிக்கல். கோழி மேயும் வாசலுக்கு எதிர்ப்பக்கம், கிணற்று மேட்டில் ஒரு கல்லைப் போட்டு அதில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி, ஒரே நேரம், மிச்சம் கிடக்காத அளவு. அவர் ‘கா கா’ என்று கூப்பிடுவதற்கு முன்னால் குஞ்சுகள் கூண்டுக்குள் இருக்கின்றனவா என்று நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.