வாய்க்கெட்டி மட்டக்குதிரைக்கு எந்தக் கடிவாளம்?

கேள்வி: அந்தியூர் சந்தையில் மட்டக்குதிரை ஒன்று வாங்கினோம். ஆறு வயது என்றார் தரகர். முன்பு பந்தய வண்டியில் ஓடியதாம். 12 வயது மகள் ஏறினால் தலையைத் தூக்கி, கடிவாளத்தைக் கவ்விக்கொண்டு இழுக்கிறது. குதிரையேற்றப் போட்டிக்குக் கழுத்து வளைந்து மென்மையாக நடக்க வேண்டும் என்கிறார்கள். முள் கடிவாளம் போட்டால் ஒரே வாரத்தில் அடங்கிவிடும் என்கிறார் தரகர். போடலாமா? – தேவகோட்டை வாசகர்

பதில்: போடக்கூடாது. முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்துவிட்டார்கள். சந்தையில் மட்டும் மணி, குஞ்சத்தோடு இன்னும் தொங்குகிறது. பறிமுதல் செய்ய வேண்டியவர்கள் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போகிறார்கள்.

பந்தய வண்டிக்காரர் லகானை, அதாவது கடிவாளத்திலிருந்து கைக்கு வரும் வாரை, இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்டுவார். அந்த இறுக்கத்தில் சாய்ந்துகொண்டு ஓடத்தான் குதிரை பழகியிருக்கிறது. வாய்க்கெட்டி என்பது இதுதான். உங்கள் மகள் நிறுத்துவதற்காக இழுக்கிறாள். அதன் காதில் அது 'ஓடு' என்று விழுகிறது. முள் போட்டால் வலிக்குப் பயந்து தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பார்க்க அய்யனார் கோவில் புரவி மாதிரி இருக்கும். மண் புரவிக்கு நடக்கிற வேலை இல்லை, உங்களுடையதற்கு உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கு நாட்டியக் குதிரை பழக்குகிறவர்கள் சிலர் தலையைக் கயிற்றால் வயிற்று வார்ப்பட்டையோடு இழுத்துக் கட்டி வைப்பார்கள். அவர்களிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கழுத்து வளைவது வாயில் தொடங்குவதில்லை. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நன்றாக வந்து விழுந்தால் முதுகு எழும்பும். அப்புறம் கழுத்து தானே வளையும், தாடை இளகும். உங்கள் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவைப் பாருங்கள். கதவு சுழலும் முனையான குடுமி சரியாக உட்கார்ந்திருந்தால் குழந்தை விரலால் தள்ளிவிடும். உட்காராவிட்டால் இரண்டு ஆள் வேண்டும்.

வெயில் ஏறுமுன் செம்மண் பொட்டலில் 20 மீட்டர் அகலத்துக்கு வட்டம் போடுங்கள். வழவழப்பான சாதாரணக் கடிவாளம் போதும். பத்துக் காலடி நடை, பத்துக் காலடி டிராட் எனும் மெதுவோட்டம், மறுபடி நடை. மகள் வட்டத்தின் உள்பக்கக் காலால் லேசாக அமுக்கட்டும். கூடவே உள்பக்க லகானில் ஈரத்துணியைப் பிழிவதுபோல விரல்களை மூடட்டும். தாடை ஒரு நொடி இளகினாலும் உடனே விரல் திறக்க வேண்டும். குதிரை கற்பது அந்த விடுதலில்தான். சாய்வதற்குக் கை கொடுத்தால் பிள்ளை தோற்றுப்போவாள். மூக்கு, நெற்றியிலிருந்து நேர்கீழே இறங்கும் செங்குத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே இருக்கட்டும். தினம் 20 நிமிடம் போதும், ஆனால் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பந்தயத் தீனியாகக் கொள்ளு போய்க்கொண்டிருந்தால் குறைத்து, புல்லைக் கூட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம் இத்தனையையும் மாற்றிவிடும்: பல். தரகர் சொல்லும் ஆறு வயது பல நேரம் நாலு வயதுதான். கீழுதட்டை விலக்கி முன்பல் வரிசையின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஓரப் பல் மற்றதைவிடச் சிறிதாக, வெளுப்பாக இருந்தால் அது பால்பல். நாலரை வயதுவாக்கில்தான் விழும். கடைவாயிலும் நாலு வயதுவரை பல் மாறிக்கொண்டிருக்கும். ஆணாக இருந்தால் நாலிலிருந்து ஐந்துக்குள் கோரைப்பல்லும் முளைக்கும். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சின்னதாக ஓநாய்ப்பல் ஒன்று சில குதிரைகளுக்கு இருக்கும். கடிவாளம் அதில் இடித்தாலும் தலையைத் தூக்கும். அது திமிர் இல்லை, பல்வலி. எத்தனை பழக்கினாலும் இளகாது.

இதைப் பார்க்க உள்ளூர் கால்நடை மருந்தகத்தை நம்ப முடியவில்லை. நான் ஒருமுறை குதிரையைக் கூட்டிப் போனபோது, வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் மாட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை எழுதித் தந்தார்கள். செலவானாலும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோங்கள். அதுவரை வாயில் இரும்பே வேண்டாம். தலைக்கயிற்றோடு கையில் பிடித்து நடத்துங்கள்.