"அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை" என்ற பதிலை நம்பிவிடாதீர்கள்

கேள்வி: "என் அம்மப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் சாரதியாக இருந்தவர். பதக்கம் எதுவும் எடுக்கவில்லை. இப்போது எழுதிக் கேட்டால் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்று பதில் வருகிறது. பதிவைத் திருத்த முடியுமா? இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது தேவைதானா?"

முடியும். ஆனால் முதலில் ஒன்று சொல்லவேண்டும். "அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை" என்பதை "அவர் படையில் இருக்கவில்லை" என்று வாசிக்காதீர்கள். நான் அப்படி வாசித்து மூன்று வருடத்தை வீணாக்கினேன். அப்பாவுக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். அந்த வயதில் மூன்று வருடம் எவ்வளவு பெரிய காலம் என்று பிறகுதான் விளங்கியது.

நான் சட்டத்தரணி இல்லை, படைத்துறை தெரிந்தவனும் இல்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்பாவுக்காக எட்டு வருடம் கடிதம் எழுதிய ஒரு மகன், அவ்வளவுதான். உங்கள் அம்மப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பெடியனாகத்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றவர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, யப்பான் விமானங்கள் வந்து கொழும்பில் குண்டு போட்டன. சனம் ரயிலிலும் வண்டியிலும் ஊருக்கு ஓடியது. முதலாளியும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா ஊருக்குப் போயிருந்தால் அப்பாச்சி இன்னொரு வயிற்றுக்கும் சோறு தேடவேண்டும். முதலாளியின் லொறியில் கிளீனராக நின்று ஓடவும் பழகியிருந்ததால், படைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் வரிசையில் நின்றார். பதினேழு வயது இன்னும் ஆகவில்லை. பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொன்னார்.

எடுத்தார்கள். ரோயல் ஆமி சேர்விஸ் கோர். சண்டை பிடிக்கிறவனுக்குத் தண்ணீர், சாப்பாடு, பெற்றோல், குண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற பிரிவு அது. எங்கள் நாட்டுப் பெடியன்கள் அதில் எகிப்து, பலஸ்தீனம், இத்தாலி என்று போயிருக்கிறார்கள். அப்பா முதலில் எகிப்து, பிறகு இத்தாலி. 1946இல் திரும்பி வந்தார். 1958இல் போக்குவரத்துச் சபை தொடங்கியபோது அதில் சேர்ந்து பஸ் ஓடி, அதிலேயே ஓய்வு பெற்றார்.

பதக்கம் கையில் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் தரைப்படையில் இருந்தவர்களுக்கு அந்த யுத்தப் பதக்கங்கள் தானாக வீடு தேடி வரவில்லை, எழுதிக் கேட்கவேண்டும். கேட்காமலே செத்துப்போனவர்கள் இங்கிலாந்திலும் ஏராளம். அப்பாவுக்குக் கலியாணம், பிள்ளைகள், வாடகை வீடு. அவரும் கேட்கவில்லை. பிறகு 1983 யூலையில் எங்கள் வீடு எரிந்தது. படையிலிருந்து விடும்போது கொடுத்த புத்தகம், எகிப்தில் எடுத்த இரண்டு படம் எல்லாம் அதோடு போயின. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிமுகாமில் அப்பா உடுத்த சாரத்தோடு இருந்தார். அங்கே யாரும் பதக்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

1995இல், யுத்தம் முடிந்து ஐம்பது வருடம் என்று தொலைக்காட்சியில் வயதானவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு நடப்பதைக் காட்டினார்கள். அப்பா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மண் நிற நாடா, நடுவில் சிவப்பு, ஒரு பக்கம் கடும் நீலம், மறுபக்கம் இள நீலம். "இது ஆபிரிக்கா ஸ்டார். பாலைவனத்துக்கு மண் நிறம், சிவப்பு எங்களுக்கு, நீலம் ரெண்டும் கடற்படைக்கும் விமானப்படைக்கும். இது எனக்கும் வரவேணும்," என்றார். என்னிடம் அவர் கேட்ட ஒரே ஒரு பொருள் அதுதான்.

எழுதினேன். அப்பாவின் பெயர், பிறந்த திகதி, அவர் ஞாபகத்தில் இருந்த படை எண். எண்ணை அவர் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் பாட்டுப் போலச் சொல்லுவார். உங்களுக்கு வந்த அதே பதில்தான் வந்தது. மறுபடி எழுதினேன். எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதினேன். எங்கள் பெயர்களில் சகரத்தை ஆங்கிலத்தில் எஸ் போட்டும் எழுதலாம், சி போட்டும் எழுதலாம். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை.

ஆவணம் தொலைந்ததற்கு அத்தாட்சி தேவை என்று பொலிஸில் என்ட்ரி போடப் போனேன். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. நான் தமிழில் சொன்னேன், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. என் அப்பாவின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு பக்கத்தில், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு அதை ஆங்கிலத்துக்கு மாற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கட்டினேன். அந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துத்தான், அப்பா படையிலிருந்து "தப்பி வந்தவர்" என்று எழுதியிருப்பது தெரிந்தது. திரும்பவும் போய்த் திருத்தினேன். எத்தனை தமிழ் ஆட்கள் இப்படி வாசிக்க முடியாத வாக்குமூலத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். 1998இல் ஒரு பின்னேரம் நான் சலித்துப்போய், "அப்பா, உண்மையிலேயே உங்கட பேரைப் பதிஞ்சவங்களோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க என்னை ஒருத்தரும் என்ர பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே" என்றார். "சார்ஜன்ட் எங்கட ஐயாவின்ர பேரைச் சொல்லித்தான் கத்துவான். நாலு வருஷமும் ஐயாவின்ர பேருக்குத்தான் நான் 'சேர்' சொன்னனான்."

அவருக்கு அது ஒரு தகவலாகவே படவில்லை. மூன்று வருடமாகப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

நடந்தது இதுதான். அப்பாவின் பெயரை இங்கே போட விரும்பவில்லை. விளங்குவதற்காகத் தகப்பன் கந்தையா, பிள்ளை செல்லத்துரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கந்தையா செல்லத்துரை என்று எழுதுவோம். தகப்பன் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. ஆங்கிலப் படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். ஆள் எடுத்த இடத்தில் "தகப்பன் பேர் எது, உன் பேர் எது" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா சொல்ல, எழுதினவர் தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர் என்று எடுத்துக் கந்தையாவைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார். கோப்பு "க"வில் கிடந்தது, நான் "ச"வில் தேடினேன். கூட்டிச் சொன்ன வயதால் பிறந்த வருடம் 1923 என்று இருந்தது. நான் உண்மையான 1925ஐக் கொடுத்தேன். படை எண்ணில் ஒரு இலக்கமும் மாறியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்படியிருக்க யார் தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

பாட்டன் பெயரைப் போட்டு எழுதினேன். அடுத்த பதிலில் கோப்பு கிடைத்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பதற்குச் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம். வயதைக் கூட்டிச் சொன்னதையும் அந்தக் கடதாசியில் மறைக்காமல் எழுதுங்கள். அப்பா பயந்தார், பொய் சொன்னதற்குப் பதக்கத்தை மறுத்துவிடுவார்கள் என்று. ஒருவரும் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிச் சேர்ந்த பெடியன்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

2000இல் ஒரு சிறிய பெட்டி பதிவுத் தபாலில் வந்தது. 1939-45 ஸ்டார், இத்தாலி ஸ்டார், வோர் மெடல். ஆபிரிக்கா ஸ்டார் இல்லை. அப்பா எகிப்தில் இறங்கியது 1943 யூன் என்று பதிவில் இருந்தது. ஆபிரிக்கா ஸ்டாருக்குக் கணக்கு 1940 யூன் 10 தொடக்கம் 1943 மே 12 வரை. அந்தக் காலத்துக்குள் வட ஆபிரிக்காவில் ஒரு நாள் நின்றிருந்தாலும் போதும். அப்பா மார்ச்சில் இறங்கியவர். யூனில்தான் வேறு கொம்பனிக்கு மாற்றினார்கள், அந்தத் திகதியைத்தான் வந்த திகதியாகப் பதிந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அத்தாட்சி? எரிந்துவிட்டதே.

"பே புக் பெரியக்காட்ட இருக்கும்," என்றார் அப்பா. 1946இல் வந்திறங்கினதும் முதலில் ஊருக்குத்தான் போயிருக்கிறார். சம்பளப் புத்தகத்தை அப்பாச்சியிடம் கொடுத்துவிட்டு, வேலை தேட உதவும் என்று விடுவிப்புப் புத்தகத்தை மட்டும் கொழும்புக்குக் கொண்டுவந்தார். மாமி பருத்தித்துறைக்குக் கிட்ட இருந்தா. பாதை மூடிக் கிடந்தது. இரண்டு வருடம் காத்திருந்தோம். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்ததும் அந்த மாதமே எழுபத்தாறு வயது மனிதரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமியின் றங்குப் பெட்டியில், அப்பாச்சியின் கூறைச் சேலைக்குக் கீழே, ஒரு பழைய மண்ணிறப் புத்தகம். ஆமி புக் 64. அதில் சம்பளக் கணக்கு மட்டும் இல்லை, போட்ட தடுப்பூசிகளும் இருக்கும். 1943 ஏப்ரல், எகிப்தில் டெல் எல் கெபீர் என்ற இடம், மருத்துவரின் ஒப்பம். மாமி, "தம்பி, உன்ர காசு மாசா மாசம் அம்மாவுக்கு வந்தது இதைக் காட்டித்தான் எண்டு நினைச்சு நான் எறியேல்லை" என்றா. அது உண்மையில்லை, காசு வேறு வழியில் வந்தது. ஆனால் அந்த நினைப்பில்தான் அவ இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறா.

திரும்பி வரும்போது முகமாலை தாண்டினதும் புலிகளின் சோதனை. ஒரு பிள்ளை புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயா ஆமியிலயோ இருந்தனீங்கள்?" என்று கேட்டது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்பா, "ஓம் பிள்ளை. இங்கிலாந்து ராசாவின்ர ஆமி. ஹிட்லருக்கு எதிரா," என்றார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தது. ஓமந்தையில் இராணுவப் பக்கம் ஒரு சிப்பாய் அதை வாங்கித் தன் மேலாளிடம் கொண்டுபோனான். அவர் வெளியே வந்து எங்கே இருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா சிங்களத்தில் பதில் சொன்னார். பஸ் ஓடினவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் அப்பாவை ஒரு கதிரையில் இருத்திவிட்டுத்தான் மற்றவர்களின் பையைப் பார்த்தார்.

தடுப்பூசிப் பக்கத்தைப் பிரதி எடுத்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி அனுப்பினேன். மூலத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தபாலில் விடாதீர்கள். 2003இல் திகதியைத் திருத்தியதாகக் கடிதமும் ஸ்டாரும் வந்தன.

இதை வாசித்துவிட்டுச் சிலர், வெள்ளைக்காரனின் யுத்தத்துக்குப் போனதில் என்ன பெருமை என்று எழுதுவீர்கள். எங்கள் சொந்தக்காரரே கேட்டார்கள். அப்பா ஏகாதிபத்தியத்துக்கு வால் பிடித்தவர் இல்லை, வாழ்நாள் முழுக்க இடதுசாரிகளுக்கு வாக்குப் போட்டவர். முப்பதுகளில் சூரியமல் இயக்கம் தொடங்கியதே, முதலாம் உலக யுத்த நினைவுக்காகப் பொப்பிப் பூ விற்ற காசில் நம் நாட்டு முன்னாள் படைவீரருக்கு ஒழுங்காகப் பங்கு கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான். செய்த வேலைக்கு உரியதைக் கேட்பது அடிமைத்தனம் என்றால் எனக்கு அது விளங்கவில்லை. வேறு சிலர், கொழும்பில் தமிழ் ஆட்கள் யார் அந்த யுத்தத்துக்குப் போனார்கள் என்று கேட்பார்கள். இலங்கை இராணுவத்துக்கு முதன்முதலில் தளபதியான இலங்கையர், 1955இல் பதவியேற்ற அன்ரன் முத்துக்குமாரு, தமிழர்தான். அது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

உங்கள் காரியத்துக்கு: நான் எழுதிய காலத்து விலாசங்கள் இப்போது சரிவராது. 2022 தொடக்கம் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு பழைய படைக் கோப்புகளை லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்கு மாற்றி வருகிறது. இணையத்திலேயே தேடலாம், கோரலாம். ஆள் உயிரோடு இல்லாவிட்டால் பதக்கம் கேட்க நெருங்கிய உறவு என்று காட்டவேண்டும், பேரப்பிள்ளையான நீங்கள் எழுதுவதைவிட உங்கள் அம்மாவோ அவவின் மூத்த சகோதரமோ எழுதுவது நல்லது. ஒருபோதும் வாங்காத பதக்கம் வேறு, வாங்கித் தொலைத்த பதக்கம் வேறு. வாங்கவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தேவைதானா என்று கேட்டிருந்தீர்கள். ஆபிரிக்கா ஸ்டார் வந்த அன்று அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பின்பக்கம் திருப்பினார். பிறகு மற்ற மூன்றையும் எடுத்து விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "பேர் எங்க போட்டிருக்கு?" என்றார். அந்த யுத்தத்தின் பிரிட்டிஷ் பதக்கங்களில் பெயர் பொறிப்பதில்லை. நான் அதைச் சொன்னேன். அவர் திருத்திய கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அதில் தகப்பன் பெயரும் தன் பெயரும் நாங்கள் எழுதுகிற ஒழுங்கில் இருந்ததை இரண்டு தரம் வாசித்தார். 2006இல் அவர் போகும்வரை அது அவருடைய தலையணைக்குக் கீழேதான் இருந்தது. பதக்கங்கள் அலுமாரியில்.

உங்கள் அம்மப்பாவின் தகப்பனுக்கு என்ன பெயர்? அந்தப் பெயரைப் போட்டு ஒரு தரம் தேடிப் பாருங்கள். பிறந்த வருடத்திலும் இரண்டு மூன்று வருடம் குறைத்துப் பாருங்கள்.