சரிவான முற்றத்தில் சிமெண்ட் இல்லாமல் கருங்கல் படிக்கட்டு நாமே கட்டிக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் கல் வாங்கப் போகும் முன் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று ஒரு மழைநாளில் நின்று பாருங்கள். நான் மார்த்தாண்டம் பக்கம். கீழே ரோடு, மேலே வீடு, நடுவில் செம்மண் சரிவு, இங்கே பாதி வீடுகள் அப்படித்தான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கொட்டும், ஐப்பசி மழையும் கொட்டும். கருங்கல் உடைவது அபூர்வம், அடிமண் அரித்துப்போய்ப் படி ஆட ஆரம்பிப்பதுதான் வழக்கம்.

முதலில் மொத்த இறக்கத்தை அளந்துகொள்ளுங்கள். 5 அடி என்றால் 6 அங்குல உயரத்தில் 10 படி. இரண்டு படியின் உயரமும் ஒரு மிதியின் (கால் வைக்கும் பரப்பின்) அகலமும் சேர்ந்து 25 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஏறும்போது கால் தடுமாறாது, அதனால் மிதி 13 அங்குலம். கல்லை மட்டும் 15 அங்குல அகலத்தில் வாங்குங்கள், மீதி 2 அங்குலம் மேல்படிக்கு அடியில் போக வேண்டும், ஏனென்றால் மேல்கல்லின் கனம்தான் கீழ்க்கல்லை அமுக்கிப் பிடிக்கிறது, சிமெண்டின் வேலை அங்கேயே முடிந்தது. ஆகவே வேலை கீழிருந்துதான் தொடங்கும். முதல் கல் இன்னும் தடிமனாக, பாதி மண்ணுக்குள் இறங்கி இருக்கட்டும். அது நகர்ந்தால் எல்லாம் நகரும்.

ஒவ்வொரு கல்லுக்கும் இளகின மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, 6 அங்குலம் ஜல்லி போட்டு நன்றாக இடித்து, மேலே கொஞ்சம் பாறைப்பொடி. கல்லின் முதுகுப் பக்கமும் ஜல்லிதான், சோம்பல்பட்டு வெட்டின மண்ணையே தள்ளி மூடினால் அது ஊறி கல்லை முன்னால் தள்ளும். ரசமட்டம் வைத்து முன்விளிம்பு கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். முற்றத்துத் தண்ணீருக்கு ஓரமாகத் தனி ஓடை வேண்டும்.

பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம், உளியால் கொத்தினதே போதும். வெட்டுக்கல், அதாவது துளைத்துளையான செம்பாறைக் கல், சுவருக்கு நல்லது, படி விளிம்பில் தேய்ந்துவிடும், துளைகளில் பாசியும் பிடிக்கும்.

அப்புறம், 3 அடி நீளக் கல் ஒன்றே 140 கிலோ வரும். தனியாகத் தூக்க நினைக்காதீர்கள், கடப்பாரையும் உருளைக் கட்டையும் இரண்டு மூன்று ஆட்களும் வேண்டும். லாரி முற்றம் வரை வருமா என்றும் முன்பே கேட்டு வையுங்கள். ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனால் கடைசிக் கல்லை 5 அடி மேலே ஏற்றுவது உங்கள் பாடு.