ஐந்து எண்ணிக்கையில் ஒரு ஜாஸ்

கேள்வி: அண்மைக் காலமாகத் தாங்கள் விரும்பிக் கேட்கும் பழைய ஜாஸ் இசைத்தட்டுகள் எவை? – கானாடுகாத்தான் வாசகர் ஒருவர்

பதில்: காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், மதிய வெக்கைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்தபடி, டேவ் புரூபெக் குழுவினரின் 'டைம் அவுட்' (1959) தட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் பால் டெஸ்மண்ட் இயற்றிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. ஆனால் ஐந்து எண்ணிக்கை கொண்ட நம் கர்நாடக இசைத் தாளமான கண்ட சாபு இரண்டும் மூன்றுமாகப் பிரிய, இது மூன்றும் இரண்டுமாகப் பிரிவதால், தொடையில் தாளம் போடும் கை முதலில் தடுமாறத்தான் செய்யும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வும் அதே ஆண்டில் வெளிவந்ததுதான். முதல் நாள் பதிவின்போது ஒலிநாடா சற்று மெதுவாக ஓடிவிட்டது; அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியதால், பழைய தட்டுகளின் முதல் பக்கம் சுருதி சற்றே ஏறி ஒலிக்கும். திருத்திய பதிப்பு 1990களில்தான் வந்தது. என்னிடம் இருப்பது ஏறிய சுருதித் தட்டு (காது அதற்கே பழகிவிட்டது).

ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' (1965) விளக்கு வைத்த பிறகு மட்டும். அதன் நான்கு பகுதிகளையும் தொடர்ந்து கேட்க வேண்டுமென்பதால், இரண்டாங்கட்டிலிருந்து யாரும் கூப்பிடாத நாளாகப் பார்த்துத்தான் அதை எடுக்கிறேன்.