திரையில் ஒரு வள்ளம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 29 வயது, ஊர் திருகோணமலை. மென்பொருள் பொறியியலாளர். கடற்படைகளுக்குக் கண்காணிப்பு மென்பொருள் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டில் இருந்தே வேலை செய்கிறேன். ராடார், கமரா, கப்பல்கள் அனுப்பும் ஏ.ஐ.எஸ் சமிக்ஞை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து, எது என்னவென்று அது சொல்லும். பெரிய கப்பல்களால் தொல்லையில்லை. சர்வதேசப் பயணம் போகிற, 300 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஏ.ஐ.எஸ் கட்டாயம், யார், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். என் பகுதி, ஒன்றுமே சொல்லாத சின்ன வள்ளங்கள். இரவில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மென்பொருள் அதற்குக் கொடுக்கும் சந்தேகப் புள்ளி ஏறும்.

அப்பா திருக்கடலூரில் தொழில் செய்கிறார். பைபர் போட். வலையைப் போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்திக் காத்திருப்பார். பரிசோதனை ஓட்டத்தில் திரையில் ஒரு செம்மஞ்சள் புள்ளி மினுங்கினால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. யுத்தகாலத்தில் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்துக்குள் திரும்பவில்லையென்றால் அம்மா பட்ட பாட்டைக் கேட்டே வளர்ந்தவள் நான்.

வீட்டில் "கப்பல் கம்பனி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது. வீட்டு லோன் என் சம்பளத்தில் போகிறது, தம்பி கம்பஸில் படிக்கிறான். கல்யாணம் பேச வருகிறவர்கள் வேறு என்ன வேலை என்று துருவுகிறார்கள். இரவில் நித்திரை இல்லை. வேலையை விட்டுவிடவா?

—

அன்புள்ள தங்கைக்கு,

வேலையைப் பற்றிய கேள்வி பெரிதுதான். ஆனால் வீட்டில் வாய் திறக்க முடியாததுதான் உங்கள் நித்திரையை அதிகம் கெடுக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஒப்பந்தத்தை எடுத்து இன்னொரு தரம் வாசியுங்கள். பொதுவாக இவை காப்பது நிரலையும், வடிவமைப்பையும், யார் வாங்குகிறார்கள் என்பதையும்தான். கம்பனி தன் இணையத்தளத்தில் தானே போட்டிருப்பதை அப்பாவிடம் சொல்ல அனேகமாகத் தடை இராது. சந்தேகமென்றால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள். அப்பா கோபப்படலாம், சில நாள் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். ஆனால் அவருக்கு இதில் ஒரே நினைப்புத்தான் இருக்கும் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். பாஸுக்கு நின்ற அதே மனிதர், நடுக்கடலில் எஞ்சின் பழுதானால் யாராவது கண்டுபிடிக்க மாட்டார்களா என்றும் ஏங்கியிருப்பார்.

இனி வேலை. அசையாமல் நிற்கும் வள்ளம் வலைக்குக் காத்திருக்கலாம் என்று உங்கள் குழுவில் வேறு யாருக்குத் தெரியும்? பைபர் வள்ளம் ராடாரில் மங்கலாகத்தான் தெரியும், அலைகளில் பட்டுத் திரும்பும் சமிக்ஞைகளுக்குள் தொலைந்தும் போகும். அந்த மங்கலுக்கு மேல் சந்தேகப் புள்ளி போடுவது எவ்வளவு சரி என்று கூட்டத்தில் கேளுங்கள். புள்ளி ஏறியபின் முடிவெடுப்பது மனிதரா, கணிப்புப் பிழையானால் அது யாருக்குத் தெரியவரும் என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில், அல்லது மழுப்பல், நீங்கள் இருப்பதா போவதா என்பதற்கு என் கருத்தைவிட உதவும். நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் அந்த மென்பொருள் யார் கைக்குப் போகும் என்பது உங்கள் வசத்தில் இல்லை. அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

2018இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு, அமெரிக்க இராணுவத்துக்கு ட்ரோன் காணொளிகளை ஆராயும் திட்டத்தை எதிர்த்தார்கள். கம்பனி அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர்கள் கூட்டம், நீங்கள் தனி ஆள், லோனும் தலையில். ஆகவே வீரம் காட்டச் சொல்லமாட்டேன். நித்திரையில்லாத இரவில் இராஜினாமாக் கடிதம் எழுதவும் வேண்டாம். சில மாதத் தவணைப் பணத்தை ஒதுக்கிக்கொண்டே வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள், அது துரோகமில்லை. துறைமுகம், வானிலை, கடல் மீட்பு என்று இதே அறிவு தேவைப்படும் இடங்கள் உண்டு.

இரண்டு வாரம் கடந்தும் நித்திரை வராவிட்டால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். அவசரமென்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் எடுக்கலாம். கல்யாணம் பேச வருகிறவர்களுக்கு "கடல் கண்காணிப்பு மென்பொருள்" என்றால் போதும். அதற்கு மேல் துருவுகிறவர்களை அம்மா பார்த்துக்கொள்வார்.